காம்பைக் கிள்ளும் கலை

ஒரே நிறக் குமிழிகள் மூன்று சேர்ந்தால் உடையும். உடைகிற ஒவ்வொன்றுக்கும் 10 புள்ளி. அவற்றைப் பற்றிக்கொண்டு கீழே தொங்கிய வேறொரு குமிழி பிடிமானம் இழந்து விழுந்தால் அதற்கு 20. இரண்டு விழுந்தால் 40, மூன்று விழுந்தால் 80. சதுரங்கக் கட்டங்களில் நெல்மணியை இரட்டித்துக் கேட்ட கதையைப் போல எண் ஏறிக்கொண்டே போகிறது. ஒரே அடியில் 17 குமிழிகள் விழுந்தால் 13,10,720 புள்ளி. அதே 17 குமிழிகளை உடைத்தே தீர்த்திருந்தால் கிடைத்திருப்பது 170.

ஜப்பானின் டைட்டோ நிறுவனம் 1994-இல் வெளியிட்ட 'பஸில் பாபிள்' என்ற ஆர்கேட் ஆட்டத்தின் கணக்கு இது. அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் இதற்கு 'பஸ்ட்-எ-மூவ்' என்று பெயர். காசு போட்டு ஆடும் பெட்டியில் பிறந்த இந்த விளையாட்டின் பேரப்பிள்ளைகள் இன்று உலகமெங்கும் கைபேசிகளில் இருக்கிறார்கள். நிறநிறமாய்க் குமிழி சுடும் எந்த ஆட்டத்தைத் திறந்தாலும் அதன் ஆதி இங்கேதான்.

பார்ப்பதற்கு மிட்டாய்க் கடை போன்ற திரை. கீழே ஒரு குட்டி டிராகன் கைப்பிடியைச் சுற்றிக்கொண்டிருக்கும். பச்சைக் குழந்தைக்கான பொம்மை என்றுதான் முதலில் தோன்றும். ஆனால் பெரியவர்களும் அதன்முன் மணிக்கணக்கில் நின்றார்கள். ஏன்? இந்தக் கேள்விக்குப் பொதுவாக மூன்று பதில்கள் சொல்லப்படுகின்றன: பழைய நினைவின் இனிமை, கொஞ்சத் தோன்றும் அழகு, எளிய விதி. மூன்றிலும் உண்மை உண்டு. ஆனால் எது எவ்வளவு தாங்கும் என்று ஒவ்வொன்றாக இழுத்துப் பார்க்க வேண்டியிருக்கிறது.

ஆட்டத்தின் உடற்கூறு

முதலில் விதி. திரையின் கூரையிலிருந்து குமிழிகள் கொத்துக் கொத்தாகத் தொங்குகின்றன. ஒரு வரிசையில் எட்டு, அடுத்ததில் ஏழு என்று மாறி மாறி அடுக்கப்பட்டிருக்கும். கீழே ஓர் அம்புக்குறி. அதை இடமும் வலமும் சாய்த்துக் குறி வைத்து, கையிலிருக்கும் குமிழியைச் சுட வேண்டும். அது நேர்கோட்டில் போகும். பக்கச்சுவரில் பட்டால் தெறித்துத் திரும்பும். எதன்மேல் முதலில் படுகிறதோ அங்கேயே ஒட்டிக்கொள்ளும். ஒட்டிய இடத்தில் ஒரே நிறத்தில் மூன்றோ அதற்கு மேலோ சேர்ந்தால் அத்தனையும் உடையும். அடுத்து வரப்போகும் ஒரே ஒரு குமிழியை மட்டும் எந்திரம் முன்கூட்டிக் காட்டும்.

நெருக்கடி இரண்டு வழியில் வருகிறது. சில நொடிகளுக்குள் சுடாவிட்டால் எந்திரமே சுட்டுவிடும். குறிப்பிட்ட எண்ணிக்கையில் சுட்டதும் கூரை ஒரு படி கீழே இறங்கும். இறங்குவதற்கு முன் குமிழிகளெல்லாம் நடுங்கி எச்சரிக்கும். தொங்குவது எல்லைக்கோட்டைத் தாண்டினால் ஆட்டம் முடிந்தது.

விதி இவ்வளவுதான். ஆனால் இதற்குள் மறைந்திருக்கும் இரண்டு நுணுக்கங்களைக் கவனிக்க வேண்டும்.

ஒன்று, தவறு மறைவதில்லை. குறி பிசகிய குமிழி காற்றில் கரைந்துபோகாது. வேண்டாத இடத்தில் போய் ஒட்டிக்கொண்டு, 'நீ செய்தது இது' என்று கண்ணெதிரே தொங்கும். ஆனால் பத்து அடி கழித்து அதே நிறக் குமிழி இரண்டு கைக்கு வந்தால், பழைய தவறே முதலாகி மாறிவிடும். நட்டக் கணக்கில் எழுதியது வரவாகத் திரும்புகிற இந்தத் தருணத்தை ஆடியவர்கள் மறப்பதில்லை.

இரண்டு, எந்திரம் நமக்குக் கொடுக்கும் நிறங்கள் திரையில் மிச்சமிருக்கும் நிறங்கள் மட்டுமே. திரையிலிருந்து நீலத்தை முழுவதும் ஒழித்துவிட்டால் அதன்பின் நீலம் வராது. ஆகவே ஒரு நிறத்தை அடியோடு தீர்ப்பது என்பது நம் வருங்காலத்தை நாமே எளிதாக்கிக்கொள்வது. சொல்லாமல் செய்யப்பட்டிருக்கும் இந்தக் கருணை பல ஆட்டக்காரர்களுக்கு நெடுநாள் தெரிவதே இல்லை.

டிராகன் வந்த வழி

டைட்டோ 1953-இல் தொடங்கப்பட்ட நிறுவனம். ஒடெஸாவில் பிறந்த யூத வணிகர் மைக்கேல் கோகன் அதை நிறுவினார். 1978-இல் டோமோஹிரோ நிஷிகாடோ வடிவமைத்த 'ஸ்பேஸ் இன்வேடர்ஸ்' இந்த நிறுவனத்துக்கு உலகப் பெயரைத் தந்தது. மேலிருந்து அணியணியாய் இறங்கும் வேற்றுக் கிரகத்தாரைக் கீழிருந்து சுட்டு வீழ்த்துவது அந்த ஆட்டம். 16 ஆண்டுகள் கழித்து வந்த பஸில் பாபிளின் திரையை அதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். மேலே அணிவகுப்பு, கீழே சுடும் கருவி, கொஞ்சம் கொஞ்சமாக இறங்கும் ஆபத்து. எலும்புக்கூடு ஒன்றுதான். பகை மட்டும் காணாமல் போயிருக்கிறது.

அந்தப் பகையைக் கரைத்தவர்களில் முக்கியமானவர் ஃபுக்கியோ மிட்சுஜி. 1986-இல் டைட்டோ வெளியிட்ட 'பப்பிள் பாபிள்' அவர் வடிவமைத்தது. பப், பாப் என்ற இரண்டு குட்டி டிராகன்கள் வாயால் குமிழி ஊதி, எதிரிகளை அதற்குள் அடைத்து, குத்தி உடைக்கும். எதிரி பழமாகி விழுவான். மொத்தம் 100 கட்டங்கள். ஒருவர் தனியாக ஆடி முடித்தால் முழுமையான முடிவு கிடைக்காது. இருவர் சேர்ந்து ஆடினால்தான் கிடைக்கும். விளையாட்டுக் கூடங்களில் ஆண்களே நிறைந்திருப்பதைப் பார்த்து, பெண்களும் காதலர்களும் வந்து நிற்கும்படி ஒன்றைச் செய்ய மிட்சுஜி விரும்பினார். குமிழியையும் குட்டி உருவங்களையும் அவர் தேர்ந்தெடுத்தது அதற்காகத்தான். இவருக்கு முன்பே நாம்கோ நிறுவனத்தின் டோரு இவாதானி 1980-இல் இதே நோக்கத்தோடுதான் 'பேக்-மேன்' ஆட்டத்தை உருவாக்கினார்.

இந்த நோக்கத்துக்குப் பின்னால் வணிகக் கணக்கும் இருந்தது. ஜப்பானின் விளையாட்டுக் கூடங்களுக்கு அப்போது நல்ல பெயர் இல்லை. 1985-இல் நடைமுறைக்கு வந்த சட்டத் திருத்தம் அவற்றைக் கேளிக்கைத் தொழில்களின் கட்டுப்பாட்டுக்குள் கொண்டுவந்தது. நள்ளிரவுக்கு மேல் திறந்து வைக்க முடியாமல் போனது. 1991-இல் 'ஸ்டிரீட் ஃபைட்டர் 2' வந்தபின் கூடங்கள் சண்டை ஆட்டங்களின் களமாயின. புதிதாக உள்ளே நுழைகிறவர் கை வைத்த அரை நிமிடத்தில் அடிபட்டு வெளியேற வேண்டியதுதான். அப்படிப்பட்ட இடத்தில், யாரையும் அடிக்காமல், யாரிடமும் அடி வாங்காமல் நிற்க ஒரு பெட்டி இருந்தது என்றால் அதன் அருமை விளங்கும். பஸில் பாபிள் வந்த அடுத்த ஆண்டே, 1995-இல், ஒட்டுப்படம் எடுத்துத் தரும் 'பிரிண்ட் கிளப்' எந்திரங்கள் வந்து பள்ளி மாணவிகளைக் கூட்டம் கூட்டமாக உள்ளே அழைத்து வந்தன. வாசல் திறந்துகொண்டிருந்த காலம் அது.

பரவலுக்கு இன்னொரு காரணமும் உண்டு. பஸில் பாபிள் எஸ்.என்.கே. நிறுவனத்தின் நியோ ஜியோ எந்திரத்திலும் வெளிவந்தது. 1990-இல் அறிமுகமான அந்தப் பெட்டியில் ஆட்டத்தை மாற்றப் பெட்டியையே மாற்ற வேண்டாம். உள்ளே இருக்கும் கேட்ரிட்ஜை மாற்றினால் போதும். சில வகைகளில் ஆறு ஆட்டங்கள் வரை ஒரே பெட்டியில் செருகலாம். ஆக, சண்டைக்காகப் பெட்டி வாங்கிய கடைக்காரர் மூலையில் இருந்த துளையில் டிராகனையும் செருகிக்கொண்டார். ஒரு விளையாட்டு நன்றாக இருப்பது ஒரு விஷயம். நாலு பேர் கண்ணில் படுகிற இடத்தில் இருப்பது வேறு விஷயம். இதற்கு இரண்டும் அமைந்தன.

பழைய நினைவு என்னும் விளக்கம்

இனி மூன்று பதில்களுக்கு வருவோம். முதல் பதில் மிகச் சுலபமானது: சின்ன வயதில் ஆடினோம், அதனால் பிடிக்கிறது. ஆடியவர்களைப் பொறுத்தவரை இது உண்மையாக இருக்கலாம். ஆனால் இதே வகை ஆட்டத்தைக் கைபேசியில் ஆடும் கோடிக்கணக்கானவர்கள் ஆர்கேட் கூடத்தில் கால் வைத்ததே இல்லை. நினைவே இல்லாதவருக்கு நினைவின் இனிமை எப்படி வரும்? 1994-இல் அந்தப் பெட்டி புத்தம் புதிதாக நின்றபோது காசு போட்டவருக்கும் அது பழைய நினைவு இல்லை.

எனவே 'பழமை' என்று நாம் சொல்வதைக் கொஞ்சம் பிரித்துப் பார்க்க வேண்டும். பழைய ஆட்டங்களில் நம்மை இழுப்பது பெரும்பாலும் அவற்றின் வயதைவிட அவற்றின் சுருக்கம்தான். ஒரே திரை. உருண்டு நகரும் வரைபடம் கிடையாது, ஒளிந்திருக்கும் அறை கிடையாது, படித்துத் தெரிந்துகொள்ள வேண்டிய பட்டியல் கிடையாது. கண்ணுக்குத் தெரிவதுதான் உலகம். கோலத்தின் புள்ளிகளைப் போல எல்லாம் ஒரே பார்வைக்குள் அடங்கிவிடுகிறது. அடுத்து எந்தப் புள்ளியை வளைப்பது என்பது மட்டுமே கேள்வி.

இந்தச் சுருக்கம் அன்றைய கருவிகளின் வறுமையால் வந்தது. நியோ ஜியோ திரையின் அகலம் 320 புள்ளி, உயரம் 224 புள்ளி. அதற்கு முந்தைய பப்பிள் பாபிளில் டிராகனை 16-க்கு 16 புள்ளிக் கட்டத்துக்குள் அடக்க வேண்டியிருந்தது. அவ்வளவு சின்ன இடத்தில் ஓர் உயிரை வரைந்து, அதன் மனநிலையையும் காட்ட வேண்டுமென்றால் என்ன செய்ய முடியும்? தலையைப் பெரிதாக்க வேண்டும், கண்ணை அதைவிடப் பெரிதாக்க வேண்டும், கைகால்களைக் குறுக்க வேண்டும். இதுவே குழந்தையின் உடல் விகிதம். பழைய ஆட்டங்களும் கொஞ்சல் அழகும் ஒன்றாகவே நம் நினைவில் வருவதற்கு ரசனை மட்டும் காரணமில்லை. புள்ளிப் பஞ்சமும் ஒரு காரணம்.

கொஞ்சத் தோன்றும் முகம்

இது நம்மை இரண்டாவது பதிலுக்குக் கொண்டுவருகிறது. பெரிய தலை, அகன்ற நெற்றி, பெரிய கண், உப்பிய கன்னம், குட்டைக் கைகால் ஆகியவை மனிதரிடம் பராமரிக்கும் உணர்வைத் தூண்டுகின்றன என்று ஆஸ்திரிய விலங்கு நடத்தையியலாளர் கொன்ராட் லோரென்ஸ் 1943-இல் எழுதினார். ஜப்பானியர் இந்த ஈர்ப்பை 'கவாயி' என்ற ஒற்றைச் சொல்லில் அடக்கி, 1974-இல் பிறந்த ஹலோ கிட்டி தொடங்கி ஒரு பெருந்தொழிலாகவே வளர்த்துவிட்டார்கள்.

கவாயி வெறும் பூச்சு, கசப்பு மருந்துக்கு மேல் தடவிய தேன் என்று நினைப்பது வழக்கம். இந்த நினைப்பை அசைக்கும் ஆய்வொன்று 2012-இல் வந்தது. ஹிரோஷிமா பல்கலைக்கழகத்தில் ஹிரோஷி நிட்டோனோவும் குழுவினரும் மாணவர்களிடம் சிறு துளைகளிலிருந்து இடுக்கியால் பொருள்களை விளிம்பில் படாமல் எடுக்கும் வேலையைக் கொடுத்தார்கள். இடையில் சிலருக்கு நாய்க்குட்டி, பூனைக்குட்டிப் படங்கள் காட்டப்பட்டன. சிலருக்கு வளர்ந்த நாய், பூனைப் படங்கள். குட்டிகளைப் பார்த்தவர்களின் கை அதன்பின் கூடுதல் நிதானமாக இயங்கியது. எண்களைத் தேடி எண்ணும் இன்னொரு வேலையிலும் குட்டிகளைப் பார்த்தவர்களே முன்னேறினார்கள். சுவையான உணவுப் படங்களைப் பார்த்தவர்களிடம் அந்த முன்னேற்றம் தெரியவில்லை. குட்டி அழகு கவனத்தைக் குவிக்கிறது என்பது அவர்களின் முடிவு. கைக்குழந்தையைத் தூக்கும்போது நம் கைக்குத் தானாக ஒரு பதம் வருகிறதே, கிட்டத்தட்ட அதுதான்.

பஸில் பாபிளை வைத்து யாரும் இந்தச் சோதனையைச் செய்யவில்லை. ஆனாலும் ஆட்டத்தின் அமைப்போடு இதைச் சேர்த்து யோசிக்கலாம். அங்கே தேவைப்படும் திறமை இடுக்கி வேலையோடு ஒத்தது: நூலிழை அளவு கோணத்தைத் திருத்துவது, இரண்டு குமிழிகளுக்கு இடையிலான சந்தில் மூன்றாவதைப் பட்டும் படாமலும் செலுத்துவது. அதைச் செய்யச் சொல்லிக் கேட்பது யார்? உறுமும் அரக்கனோ விறைத்த வீரனோ இல்லை. நம் குறிக்காகக் கைப்பிடியைச் சுற்றிச் சுற்றி உழைக்கும் ஒரு குட்டி. நாம் அவசரப்பட்டால் அதன் உழைப்பும் வீண். சண்டை ஆட்டம் கையை வேகப்படுத்துகிறது. இந்த முகம் கையைப் பதப்படுத்துகிறது.

தோல்வியின் சுவையும் அதனால் மாறுகிறது. தோற்றால் ரத்தமில்லை, வெடிப்பில்லை. திரையில் இருக்கும் குமிழிகளெல்லாம் நிறமிழந்து சாம்பலாகிவிடும், அவ்வளவுதான். வீழ்த்தப்பட்டோம் என்ற கோபத்தைவிட, 'அடடா, கெடுத்துவிட்டோமே' என்ற வருத்தம்தான் வரும். கோபம் கொண்டவர் பெட்டியைக் குத்திவிட்டுப் போவார். வருந்துகிறவர் இன்னொரு காசைத் தேடுவார்.

இந்த அழகின் மதிப்பை எல்லோரும் உணர்ந்துவிடவில்லை. இரண்டாம் பாகத்தை அமெரிக்க, ஐரோப்பியச் சந்தையில் வெளியிட்ட அக்லைம் நிறுவனம் அட்டைப்படத்தில் டிராகனை முன்னிறுத்தவில்லை. இமைகள் மூடாதபடி தீக்குச்சிகளால் முட்டுக்கொடுத்த ஒரு மனித முகத்தைப் போட்டது. தூங்கவே முடியாத அளவுக்கு அடிமையாவீர்கள் என்று சொல்ல நினைத்தார்கள் போலும். மிக மோசமான அட்டைப்படங்களைப் பற்றிப் பேச்சு வரும்போதெல்லாம் விளையாட்டு ரசிகர்கள் இன்றும் அதை நினைவுகூர்கிறார்கள். ஆனால் அட்டைக்கு உள்ளே இருந்தது அதே டிராகன்தான், அதே ஆட்டம்தான். அட்டையைத் தாண்டி உள்ளே போனவர்கள் அதில் மூழ்கத்தான் செய்தார்கள். அப்படியானால் அழகு முழுக் காரணமாக இருக்க முடியாது.

எளிமை என்னும் திரை

மூன்றாவது பதில்: விதி எளிது, அதனால் பிடிக்கிறது. ஒரு நிமிடத்தில் கற்கலாம் என்பது உண்மை. ஆனால் எளிய விதி உடைய எத்தனையோ ஆட்டங்கள் ஒரு வாரத்தில் சலித்துப்போகின்றன. இங்கே சலிக்காததற்குக் காரணம், எளிமைக்குக் கீழே இன்னொரு மாடி இருப்பது.

வடிவியலில் தொடங்கலாம். எட்டும் ஏழுமாக மாற்றி அடுக்கும்போது ஒவ்வொரு குமிழிக்கும் ஆறு அண்டை வீடுகள் கிடைக்கின்றன. ஒரே அளவு வட்டங்களைத் தளத்தில் இதைவிட நெருக்கமாக அடுக்க முடியாது என்பது கணிதத்தில் நிறுவப்பட்ட உண்மை, இடத்தின் 90.69 விழுக்காட்டை அவை நிரப்பிவிடும். தேன்கூட்டின் அமைப்பும் இதுவே. சதுரக் கட்டத்தில் நான்கு பக்கம்தான் சேர்க்கை, இங்கே ஆறு. ஒவ்வொரு அடியிலும் சேர்வதற்கான வழிகளும் அதிகம், சிக்குவதற்கான வழிகளும் அதிகம்.

அடுத்து, சுவர். பக்கச்சுவரில் பட்டுத் திரும்பும் குமிழி, படுகோணமும் மீள்கோணமும் சமம் என்ற பள்ளிப் பாடத்தை அப்படியே பின்பற்றுகிறது. கேரம் பலகையில் ஸ்டிரைக்கரைக் கட்டையில் அடித்துத் திருப்பிக் காயைத் தொட்டவருக்கு இது புதிதில்லை. கேரத்தில் பவுடரும் உராய்வும் வேகத்தைத் தின்னும். இங்கே வேகம் குறைவதே இல்லை. குறி மட்டும் சரியாக இருந்தால் போதும், உடம்பின் பலவீனம் எதுவும் குறுக்கே வராத கனவுக் கேரம் இது.

இதற்கெல்லாம் மேலே இருப்பது திட்டமிடல். எரிக் டிமேன், ஸ்டெஃபான் லாங்கர்மன் என்ற இரு கணினியியலாளர்கள் 2015-இல் பஸில் பாபிளைக் கணித மேசையில் வைத்தார்கள். வரப்போகும் குமிழிகளின் வரிசை முழுவதும் முன்கூட்டியே தெரியும் என்றே வைத்துக்கொள்வோம். நிறங்கள் வெறும் மூன்று. அப்போதும், 'இந்தத் திரையை முழுதாகத் துடைக்க முடியுமா' என்ற கேள்வி என்.பி.-முழுமை என்ற வகுப்பைச் சேர்ந்தது என்று அவர்கள் நிறுவினார்கள். விடையை யாராவது சொன்னால் அது சரியா என்று எளிதில் சோதித்துவிடலாம்; ஆனால் திரை பெரிதாகப் பெரிதாக, விடையை விரைவாகக் கண்டுபிடிக்கும் பொதுவழி எதுவும் இன்றுவரை யாருக்கும் தெரியாது. 'டெட்ரிஸ்' ஆட்டத்தின் கடினத்தையும் டிமேன் குழு இதற்கு முன்பே நிறுவியிருந்தது. குட்டி டிராகன் சுற்றும் கைப்பிடிக்குப் பின்னால் இவ்வளவு பெரிய மலை நிற்கிறது.

டெட்ரிஸோடு ஒப்பிட்டால் வேறொன்றும் தெரியும். மாஸ்கோவில் அலெக்ஸி பஜித்னோவ் 1980-களின் நடுவில் உருவாக்கிய அந்த ஆட்டமும், ஜப்பானில் 1990-களின் தொடக்கத்தில் பரவிய 'புயோ புயோ'வும் மேலிருந்து விழுவதைக் கீழே அடுக்கும் வகை. வெற்றுத் திரையில் தொடங்கி நிரம்பி வழிந்து முடியும். பஸில் பாபிள் அதைத் தலைகீழாக்கியது. நிறைந்த திரையில் தொடங்குகிறோம், நாம் மேலே அனுப்புகிறோம், வெறுமையாக்கினால் வெற்றி. டெட்ரிஸில் தோல்வியைத் தள்ளிப்போடலாமே தவிர, மூல ஆட்டத்தில் இறுதி வெற்றி என்று ஒன்று கிடையாது. இங்கே 30 கட்டங்கள், ஒவ்வொன்றும் முடியும், பிறகு ஆட்டமும் முடியும். வீட்டைக் கூட்டிப் பெருக்கி முடித்தவர் வாசலில் நின்று திரும்பிப் பார்க்கும் நிறைவு அதில் உண்டு.

டிராகன் இல்லாத வாரிசுகள்

மூன்று விளக்கங்களில் எது அடிப்படை என்று அறிய ஒரு வழி இருக்கிறது. ஒவ்வொன்றையும் பிடுங்கிவிட்டு, மிச்சம் உயிரோடு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அந்தச் சோதனையை வரலாறே செய்து வைத்திருக்கிறது.

1996-இல் டேவிட் டாப்சன் என்ற அமெரிக்க நிலவியல் பேராசிரியர் 'ஸ்னூட்' என்ற ஆட்டத்தை வெளியிட்டார். வீட்டுக் கணினிக்கானது, காசு நுழையும் துளை கிடையாது, நொடிக் கணக்கும் கிடையாது. குமிழிகளுக்குப் பதில் கோணல் முகங்கள், அழகு என்று சொல்ல முடியாதவை. சுடச் சுட ஓர் ஆபத்து அளவி ஏறும்; கொத்தாக விழவிட்டால் இறங்கும். அமெரிக்கக் கல்லூரி விடுதிகளில் அது தீயாகப் பரவியது. 2002-இல் பிரான்ஸைச் சேர்ந்த கியோம் கோத்தனோ 'ஃப்ரோசன் பப்பிள்' செய்தார். கட்டற்ற மென்பொருள், டிராகனுக்குப் பதில் பென்குவின், லினக்ஸ் பயன்படுத்துவோரின் செல்ல ஆட்டமானது. அதே காலத்தில் உக்ரைனின் அப்ஸலூட்டிஸ்ட் நிறுவனத்தின் 'பப்பிள் ஷூட்டர்' வந்தது. அதில் முகமே இல்லை. வெறும் நிற உருண்டைகள், ஓர் அம்பு, சுட்டியின் ஒரு சொடுக்கு. அலுவலகக் கணினிகளில் வேலைக்கு நடுவே ஒளிந்து ஒளிந்து ஆடப்பட்டது அது.

பழைய நினைவைப் பிடுங்கினாலும் ஆட்டம் பிழைத்தது. டிராகனைப் பிடுங்கினாலும் பிழைத்தது. காசையும் கடிகாரத்தையும் பிடுங்கினாலும் பிழைத்தது. எல்லா வாரிசுகளிலும் மாறாமல் தொடர்ந்து வந்தது ஒன்றுதான்: பிடிமானம் அறுந்தால் தொங்குவதெல்லாம் விழும் என்ற விதி.

நிறம் சேர்த்து உடைக்கும் ஆட்டங்கள் இதற்கு முன்னும் உண்டு, பின்னும் உண்டு. தொங்குவதை அறுத்து விழவிடும் வாய்ப்பே இதன் தனி முத்திரை. முதல் நாள் ஆடுகிறவர் குமிழியைக் குத்துகிறார். நிறம் பார்க்கிறார், மூன்று சேர்க்கிறார், உடைக்கிறார், 30 புள்ளியில் மகிழ்கிறார். நாள் போகப் போக அவர் கண் குமிழியை விட்டு நகர்ந்து, அது எதைப் பிடித்துத் தொங்குகிறது என்று தேடத் தொடங்குகிறது. திராட்சைக் கொத்தில் பழம் பழமாகப் பறிப்பதை விட்டுவிட்டுக் காம்பு எங்கே என்று பார்க்கிறார். கூரையருகே இரண்டே இரண்டு சிவப்புக் குமிழிகள். அவற்றை நம்பிக் கீழே பதினைந்து குமிழிகள், எல்லா நிறத்திலும். ஒரு சிவப்பு கிடைத்து, சுவரில் தெறிக்கவிட்டு அங்கே சேர்த்துவிட்டால் காம்பு கிள்ளப்பட்டது. ஒரு கணம் எதுவும் நடக்காததுபோல் இருக்கும். பிறகு கொத்து முழுவதும் சரசரவென்று உதிரும்.

தொடக்கத்தில் சொன்ன புள்ளிக் கணக்கின் பொருள் இப்போது விளங்கும். உடைத்தால் 10, விழவிட்டால் இரட்டிப்பு என்று வைத்தவர்கள் ஆட்டக்காரருக்கு ஒரு பாடத்தைச் சொல்லாமல் சொல்கிறார்கள். கண்ணில் படுவதைத் தீர்க்காதே, அதைத் தாங்குவதைத் தேடு. இருவர் எதிரெதிரே ஆடும்போதும் கொத்தாக விழவிட்டவரே எதிராளியின் திரையில் குமிழிகளைக் கொட்டுகிறார். ஒரே திரை, ஒரே பொத்தான், ஒரே விதி; ஆனால் குத்துகிறவர் ஆடுவது ஓர் ஆட்டம், கிள்ளுகிறவர் ஆடுவது இன்னோர் ஆட்டம். முதல் ஆட்டத்திலிருந்து இரண்டாவதற்குப் போகும் வழியை யாரும் கற்றுத் தர வேண்டியதில்லை. என்றைக்கோ ஒரு நாள் தற்செயலாக ஒரு கொத்து விழும். அன்று முதல் கண் மாறிவிடும்.

உயிருக்கு விலை

நிறம் சேர்க்கும் ஆட்டங்களைக் கைபேசி யுகம் எப்படிப் பயன்படுத்தியது என்பதையும் பார்த்துவிட வேண்டும். கிங் நிறுவனம் 2011-இல் 'பப்பிள் விட்ச் சாகா'வையும் 2012-இல் 'கேண்டி க்ரஷ் சாகா'வையும் கொண்டுவந்தது. இறக்குவது இலவசம். கேண்டி க்ரஷில் ஐந்து உயிர்கள். தோற்றால் ஒன்று போகும். போன உயிர் திரும்ப 30 நிமிடம் காத்திருக்க வேண்டும், அல்லது பணம் கட்ட வேண்டும். கட்டங்கள் ஆயிரக்கணக்கில் நீண்டுகொண்டே போகின்றன. மிட்டாய் நிறங்களும் குழந்தை முகங்களும் இங்கும் உண்டு.

ஆர்கேட் புனிதமானது, கைபேசி பாவம் செய்தது என்று இதிலிருந்து முடிவுகட்டுவது நேர்மையாகாது. தோற்ற கணத்தில், மனம் கொதித்திருக்கும்போதே, 'தொடரவா?' என்று எண்களைக் கீழிறக்கி அடுத்த காசைக் கேட்கும் தந்திரத்தைக் கண்டுபிடித்தது ஆர்கேட்தான். பஸில் பாபிளும் அப்படித்தான் கேட்டது. கூரை இறங்கும் வேகத்திலும் ஒரு கடைக்காரரின் கணக்கு ஒளிந்திருக்கிறது: ஒரே ஆள் ஒரே காசில் நாள் முழுக்க நின்றால் பெட்டிக்கு வாடகை எங்கிருந்து வரும்?

வேறுபாடு இன்னொரு இடத்தில் இருக்கிறது. பழைய பெட்டியில் திறமை காசை மிச்சப்படுத்தியது. காம்பைப் பார்க்கக் கற்றவர் ஒரே காசில் 30-ஆவது கட்டம் வரை போகலாம். போனபின் ஆட்டம் முடிந்தது என்று எந்திரமே ஒப்புக்கொள்ளும். கற்றலுக்கும் செலவுக்கும் இடையே நேரான கணக்கு இருந்தது. முடிவே இல்லாத வரிசையில் அந்தக் கணக்கு குலைந்துவிடுகிறது. எவ்வளவு கற்றாலும் அடுத்த கட்டம் காத்திருக்கும். கொஞ்சல் முகம் அங்கே கையைப் பதப்படுத்துவதைவிட, விலைச்சீட்டின் கூர்மையை மழுக்குவதற்கே அதிகம் பயன்படுகிறது. அழகு நல்லதா கெட்டதா என்ற கேள்விக்குத் தனியாக விடை கிடையாது. அது எந்த விதியின் வாசலில் நிற்கிறது என்பதைப் பொறுத்தது.

தேறியது

மூன்று பதில்களையும் இப்போது அவற்றுக்குரிய இடத்தில் வைத்துவிடலாம். பழமை இந்த ஆட்டத்துக்குத் தந்தது நினைவைவிடச் சுருக்கத்தை: எல்லாவற்றையும் ஒரே பார்வையில் காட்டும் சின்னத் திரை. அழகு தந்தது வாசலையும் பொறுமையையும்: உள்ளே வரத் தயங்கியவரை அழைத்தது, வந்தவரின் கையை நிதானப்படுத்தியது, தோற்றவரைத் திரும்ப வரச் செய்தது. எளிய விதி தந்தது ஆழத்தை: குத்துவதில் தொடங்கிக் கிள்ளுவதில் முடியும் ஒரு கல்வியை. வாரிசுகள் காட்டியபடி விதி தனியே வாழும். ஆனால் 1994-இல், சண்டை ஆட்டங்கள் உறுமிய கூடத்தில், அந்த விதியின் முன் ஒருவரைக் கூப்பிட்டு நிறுத்தி, முதல் கொத்து தற்செயலாக விழும்வரை இருக்கச் செய்ய யாராவது வேண்டியிருந்தது. அந்த வேலையைக் குட்டி டிராகன் செய்தது.

டைட்டோ 2005-இல் ஸ்க்வேர் எனிக்ஸ் குழுமத்தில் சேர்ந்தது. மிட்சுஜி 2008-இல் காலமானார். 2023-இல் நின்டெண்டோ ஸ்விட்சுக்கு 'பஸில் பாபிள் எவ்ரிபப்பிள்' என்ற புதிய பாகம் வந்தது. வரையும் புள்ளிகளுக்கு இப்போது பஞ்சமில்லை. டிராகனின் செதில் ஒவ்வொன்றையும் தனித்தனியே காட்டலாம். அப்படியும் அதன் தலை பெரிதாகவே இருக்கிறது, கை குட்டையாகவே இருக்கிறது. மேலே கொத்துகள் தொங்குகின்றன. புதிதாக ஆடவந்த குழந்தை கண்ணில் பட்ட சிவப்பையெல்லாம் குத்திக்கொண்டிருக்கும். பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் பெரியவரின் பார்வை மட்டும் கூரையோரம் போய், அங்கே ஒட்டியிருக்கும் இரண்டு குமிழிகளில் நிற்கும்.